கடைமடை லேப்டாப்

என்ன பேராண்டி, வெள்ளனா எந்திரிச்சதுலேருந்து லேப்டாப்பைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றே? முளைப்பாரி தூக்குற பொம்பளைகூட மூணு சுத்துல இறக்கி வச்சிருவா. நீ ஏழாவது சுத்துல நிக்கிறே. தொழுவத்துக் கூரையில ஏறினதைப் பார்த்தேன். கிடேரி மிரண்டுபோய் முளைக்குச்சியைப் புடுங்கிருச்சு. கிணத்து மேட்டுல நின்னு ஆகாசத்துக்கு நேரா அதைக் காட்டினதையும் பார்த்தேன். பய மழைக்கு வேண்டிக்கிறான் போலன்னு உங்க அப்பத்தாகிட்ட பெருமையாச் சொன்னேன். அவதான் சொன்னா, மழை இல்லை, வைஃபைன்னு.

இங்கிட்டு வா, திண்ணையில உக்காரு. எனக்கென்ன தெரியும்? நான் மம்பட்டி புடிச்சவன். நாப்பது வருசம் இந்த ஊர்க் கம்மாய்க்கு நீர்பாய்ச்சியா இருந்து, மடையைத் திறந்தேன், அடைச்சேன், அம்புட்டுத்தான். நீ இன்ஜினியரிங் படிச்சவன். மெட்ராஸ்ல கண்ணாடிக் கட்டடத்துல பதினொன்னாவது மாடியில உக்கார்றவன். உனக்குப் புத்தி சொல்ற தைரியம் எனக்கு ஏது? இந்த வெத்தலை இடிபடுற நேரத்துக்குச் சும்மா நாலு வார்த்தை பேசுவோமேன்னு கூப்பிட்டேன். பல்லு போன நாளாச் சிரமம். அந்தச் சின்ன உரலை இப்படி நகட்டி வையி.

நீ பார்த்த வைத்தியத்தை வரிசையாச் சொல்லட்டுமா? முதல்ல அந்த வைஃபைப் பெட்டியை அணைச்சுப் போட்டே. நல்ல காரியம், தப்பே சொல்ல மாட்டேன். பிளக்கைப் புடுங்கி, முப்பது எண்ணி, திரும்ப மாட்டி, அது எந்திரிச்சு முகம் கழுவ ரெண்டு நிமிசம் விட்டா பாதி வியாதி போயிரும். ஆனா நீ எத்தனை தடவை போட்டே? பதினோரு தடவை. ஒரு தடவை பண்ணினா வைத்தியம், பதினோரு தடவை பண்ணினா அது வேண்டுதல்.

அடுத்தாப்புல லேப்டாப்பை முதுகுல தட்டினே. புரையேறினது அதுக்குன்னு நினைச்சுட்டே போல. அப்புறம் கம்பெனிக்காரன் பரம்பரையவே திட்டினே. எல்லாம் முடிஞ்ச பிறகு போனை எடுத்து, மூவாயிரத்துச் சொச்சத்துக்குப் புதுப் பெட்டி ஒன்னு ஆர்டர் போட்டே பாரு, அங்கதான் எனக்கு உன் படிப்பு மேல மரியாதை வந்துச்சு. எந்த நெட்டு வரலைன்னு இந்த ஆட்டம் ஆடுறியோ, அதே நெட்டுலதானப்பா அந்த ஆர்டர் போச்சு? கிணத்துல தண்ணியே இல்லைன்னு, அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சுட்டே சொன்ன மாதிரி.

கடைசியா அப்பத்தா கொண்டை ஊசியை எடுத்துக்கிட்டுப் பெட்டியோட பின்பக்கத்து ஓட்டையைத் தேடினப்பத்தான் நான் சத்தம் போட்டேன். அந்த ஓட்டை என்னன்னு தெரியுமில்ல? பத்துப் பதினஞ்சு செகண்டு அமுக்குனா பெட்டி பொறந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும். கம்பெனிக்காரன் உள்ள எழுதி வச்ச யூசர் பேரு, பாஸ்வேர்டு, நாம வச்ச பேரு அம்புட்டும் அழிஞ்சிரும். ஒரு வயலுக்குத் தண்ணி வரலைன்னு கம்மாய்க் கரையவே வெட்டி விடுறவன் எங்க காலத்துலயும் இருந்தான். அவனைப் பஞ்சாயத்துல உக்கார வச்சுக் கரையடைக்கச் சொன்னோம். உன்னை யாரு உக்கார வைக்கிறது? அதான் திண்ணையில உக்கார வச்சிருக்கேன்.

கேளு. தண்ணி வரலைன்னு எவன் வந்து சொன்னாலும் நான் மம்பட்டியை எடுக்க மாட்டேன். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கா வழியா நடப்பேன். எது வரைக்கும் ஈரம் இருக்கு, எங்கேருந்து காய்ஞ்சு கிடக்கு, அதை மட்டும் பார்ப்பேன். ஈரமும் காய்ச்சலும் சந்திக்கிற இடத்துலதான் அடைப்பு இருக்கும். அங்க ஒரு வெட்டு வெட்டினாப் போதும். நடக்கச் சோம்பல்பட்டவன்தான் வழி நெடுகத் தோண்டுவான். உன் வைஃபைக்கும் அதே கதைதான். வா, நடப்போம், உக்காந்துக்கிட்டேதான்.

நம்ம மேலூர்ப் பக்கத்துக்குத் தண்ணி எப்படி வருதுன்னு நினைக்கிறே? மேற்க பாயுற பெரியாத்தை 1895-ல அணை கட்டி மறிச்சு, மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பினாங்க. அது வைகையில விழுந்து, வைகை அணையில தங்கி, பேரணையில பிரிஞ்சு, பெரிய கால்வாய் வழியா கள்ளந்திரி தாண்டி இங்க வருது. கள்ளந்திரிக்கு அங்கிட்டு இருபோகம், இங்கிட்டு ஒருபோகம். கடைசிலதான் நம்ம கம்மாய், நம்ம மடை, நம்ம வாய்க்கா, நம்ம செய். உன் நெட்டும் இதே மாதிரிதான். சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கடலுக்கு அடியில கேபிள்ல வந்து மெட்ராஸ்ல கரையேறி, ஊர் ஊரா ஓடி, கம்பம் கம்பமாத் தொங்கி, நம்ம வீட்டுப் பெட்டியில விழுது. பெட்டிதான் மடை. அங்கேருந்து காத்துல ஓடுறது வாய்க்கா. உன் லேப்டாப்பு கடைசிச் செய். இப்பச் சொல்லு, காய்ஞ்சது எது?

முதல் கேள்வி: உன் செய் மட்டும் காய்ஞ்சிருக்கா, ஊரே காய்ஞ்சிருக்கா? உன் போன்ல படம் ஓடுது. உள்ள டிவியில அப்பத்தா சீரியல் ஓடுது. அப்பக் கம்மாய்ல தண்ணி கிடக்குது, மடையும் திறந்திருக்கு. இதை நீ காலைலயே கேட்டிருந்தா கிடேரி முளைக்குச்சி தப்பிச்சிருக்கும்.

எல்லாருக்கும் வரலைன்னு வையி, அப்பப் பெட்டியோட விளக்கைப் பாரு. பான்னு எழுதின விளக்கு பச்சையா நின்னு எரிஞ்சா வெளியேருந்து வெளிச்சம் வருது. லாஸ்னு எழுதினது சிவப்பாக் கண்ணடிச்சா, வெளியில எங்கேயோ ஒயரு போச்சு. அந்த ஒயருக்குள்ள ஓடுறது கரண்டு இல்லையப்பு, வெளிச்சம். கண்ணாடியில இழுத்த நரம்பு, நம்ம தலைமுடி கனம்தான் இருக்கும். போன வருசம் ரோட்டுக்குப் பள்ளம் தோண்ட வந்த ஜேசிபி ஒரு அள்ளு அள்ளுச்சு, தெரு பூராம் சிவப்பு விளக்குதான். இன்னொரு தடவை எலி கடிச்சிருச்சு. சிவப்பு எரிஞ்சா நீ லேப்டாப்புல தலைகீழா நின்னாலும் ஒன்னும் ஆகாது. போனைப் போட்டுச் சொல்லிட்டுச் சோத்தத் தின்னுட்டுப் படுக்க வேண்டியதுதான். அந்த மஞ்ச ஒயரை ஆணியில சுத்தி மடக்கி வைக்காம இருந்தாலே புண்ணியம். வளைச்சு மடக்கினா வெளிச்சம் வெளியில ஒழுகிரும்.

சரி, மடை சரி. அடுத்தது காத்து வாய்க்கா. இந்த அலை சுவரைத் தாண்டுமா தாத்தான்னு சின்னப்பிள்ளையில கேட்டே. ஜெகதீஷ் சந்திர போஸ்னு கல்கத்தாவுல ஒரு வாத்தியார் இருந்தார். பெரியாறு அணை கட்டின அதே 1890-கள்லயே, கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பி, தூரத்துல இருந்த மணியை அடிச்சுக் காட்டி, வெடிமருந்தைக் கொளுத்திக் காட்டினவரு. அவரு சுவரைத் தாண்டி மணி அடிச்சாரு. நீ அதே சாதியில வந்த அலையை வச்சுக்கிட்டு அடுத்த ரூம்லேருந்து அப்பத்தாவுக்குக் 'காபி' னு மெசேஜ் அனுப்புறே. வளர்ச்சிதான்.

சுவரைத் தாண்டும், ஆனா எல்லாச் சுவரையும் இல்லை. மண்சுவர், செங்கல்லுன்னா கொஞ்சம் களைச்சுப்போய் தாண்டும். கம்பி கட்டின காங்கிரீட்டுன்னா மூச்சு வாங்கும். இரும்பு பீரோ, எவர்சில்வர் அண்டா, தண்ணித் தொட்டின்னா அங்கேயே படுத்துரும். உங்க அப்பத்தா இந்தப் பெட்டியை முதல்ல எங்க வச்சிருந்தா தெரியுமா? அடுக்களையில, குத்துப்போணி குடத்துக்குப் பின்னால. விளக்கு மினுக்மினுக்குன்னு கண்ணைக் குத்துதுன்னு மேல ஈரத்துணி வேற போட்டு மூடி வச்சிருந்தா. பெட்டிக்குச் சளி புடிக்காதது அய்யனார் அருள். நான்தான் நடு வீட்டுல, ஆள் உசரத்துக்குப் பலகை அடிச்சு ஏத்தி வச்சேன்.

அந்தப் பெட்டி ரெண்டு வாய்க்காலா விடுது. ஒன்னு 2.4, இன்னொன்னு 5. முதல் வாய்க்கா வண்டிப்பாதை மாதிரி. மெதுவாப் போனாலும் தூரம் போகும், சுவருக்கு அஞ்சாது. ஆனா ஊரே அதுலதான் நடக்கும். பக்கத்து வீட்டுப் பெட்டி, புளூடூத்து, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில முட்டிக்கும். அதுல உரசாம ஓடுறதுக்கு 1, 6, 11னு மூணே தடம்தான். ரெண்டாவது வாய்க்கா பைபாஸ் ரோடு; பறக்கும், ஆனா ரெண்டு சுவர் குறுக்க வந்தா சுணங்கிரும். பழைய லேப்டாப்பு சிலதுக்கு அந்த 5 கண்ணுக்கே தெரியாது. உங்க சின்ன அத்தை மாப்பிள்ளை இருக்காரே, பெட்டிப் பேருக்குப் பின்னால 5ஜின்னு இருக்கிறதைப் பார்த்துட்டு, "ஊருக்கு 5ஜி டவர் வந்துருச்சு" ன்னு டீக்கடை பூராம் சொல்லிட்டு வந்தாரு. அந்த ஜி வேற, இந்த ஜி வேறன்னு சொன்னேன். மாப்பிள்ளைகிட்ட அதுக்கு மேல பேச முடியுமா?

வைஃபைன்னா என்ன அர்த்தம்னு அவருகிட்டயே ஒருநாள் கேட்டேன். பெரிசா இங்கிலீசுல விரிச்சுச் சொன்னாரு. உண்மையில அதுக்கு ஒரு விரிவும் கிடையாது. 1999-ல ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு, வாய்க்குள்ள நுழையுற மாதிரி ஒரு பேரு வையுங்கன்னு காசு கொடுத்து வச்சுக்கிட்ட பேரு அது. அதுக்கு முன்னால 802.11னு பட்டா நம்பர் மாதிரிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அந்தப் பேரை வச்சிருந்தா உங்க அப்பத்தா அதை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டா.

இப்ப உன் லேப்டாப்பு மூலையில பாரு. கோடு எத்தனை? முழுசா நிக்குதா? கோடு முழுசா நிக்கும்போது தொழுவத்துக் கூரையில என்னப்பு சோலி உனக்கு? அலை வந்து உன் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டு உக்காந்திருக்கு. நீ அதைத் தேடி ஆகாசத்துக்குப் போறே.

சரி, அடுத்தது செய்யோட வாமடை. உன் லேப்டாப்போட சொந்தக் கதவு. கோடே தெரியலை, பேரே வரலைன்னாத்தான் இங்க நோண்டணும். ஏரோப்ளேன் மோடுன்னு ஒன்னு இருக்கு. மேல் வரிசை பொத்தான்ல விமானம் படம் போட்டிருக்கும். உங்க அக்கா மகன் மடியில உக்காந்து அதை ஒரு அமுக்கு அமுக்கினா அம்புட்டு அலையும் அத்துப்போகும். நீ ப்ளேன்ல பறக்கிறதா நினைச்சு அது அமைதியாயிரும். இன்னொன்னு டிரைவர். டிரைவர்னா வண்டி ஓட்டுறவன்னு நான் நினைச்சேன். உள்ள வைஃபை அட்டைக்கும் விண்டோசுக்கும் நடுவுல நின்னு பேசுற தரகனாம். டிவைஸ் மேனேஜர்ல அவன் பேருக்குப் பக்கத்துல மஞ்ச முக்கோணம் நின்னா தரகன் மக்கர் பண்றான்னு அர்த்தம். அவனை அழிச்சுட்டு லேப்டாப்பை மறுபடி கிளப்பினா பெரும்பாலும் புதுசா வந்து உக்காந்துருவான்.

பாஸ்வேர்டுல தப்பு பண்றவன் பாதிப்பேர். நம்ம பாஸ்வேர்டு நம்ம வெள்ளாட்டுப் பேரும் அப்பத்தா கல்யாண வருசமும். ஆட்டுப் பேருல முதல் எழுத்து பெருசு, மத்தது சிறுசு. வருசத்தைத் தப்பாப் போட்டா வைஃபையும் வராது, அப்பத்தா கையால சோறும் வராது. எப்பவோ ஒரு நாள் பாஸ்வேர்டை மாத்தியிருந்தா, லேப்டாப்பு பழசையே மனப்பாடமா ஒப்பிச்சுக்கிட்டு நிக்கும். அப்ப அந்தப் பேரை அமுக்கி, 'ஃபர்கெட்' கொடுத்து, புதுசா அறிமுகம் பண்ணி வைக்கணும். நம்ம ஊர்லயும் சில சொந்தத்தை அப்படித்தான், ஒருக்கா மறந்துட்டுப் புதுசாப் பழகினாத்தான் ஒட்டும்.

உன் கேசு அதுவும் இல்லை. நீ உள்ள போயிட்டே. 'கனெக்டெட்' னு காட்டுது. அதுக்குக் கீழேயே 'நோ இன்டர்நெட்' னும் காட்டுது. கல்யாண வீட்டுல பந்தியில உக்கார வச்சு, இலையும் போட்டு, சோறு வராம இருக்கிற நிலைமை. இது கௌரவமான பட்டினி. இங்கதான் நிதானம் வேணும்.

எங்க முறைத்தண்ணி ராத்திரியில என்ன பண்ணுவோம் தெரியுமா? இருட்டுல ஆளு தெரியாது. இந்த மடையிலேருந்து "ஏய்ய்" னு ஒரு கூவல் விடுவேன். அடுத்த மடையில இருக்கிறவன் "ஓய்ய்" ம்பான். பதில் வந்தா அது வரைக்கும் ஆள் இருக்கு. வரலைன்னா அங்க எவனோ தூங்குறான். உங்க ஊர்ல அதுக்குப் பேரு பிங்காமே? அந்தக் கறுப்புச் சன்னலைத் திற. பிங்னு அடிச்சு, முதல்ல 192.168.1.1க்குக் கூவு. நம்ம பெட்டியோட வீட்டு நம்பர் அதுதான். அடியில ஸ்டிக்கர்ல இருக்கு. அது பதில் சொன்னா, அடுத்து 8.8.8.8க்குக் கூவு. அது வெளியூர். அதுவும் பதில் சொல்லி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் எந்தப் பக்கமும் திறக்கலைன்னா, தலையாரி தூங்குறான்னு அர்த்தம். நெட்டுல ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர்தான். பேரைச் சொன்னா நம்பரைச் சொல்றவன் டிஎன்எஸ்ங்கிற தலையாரி. நம்மூர்த் தலையாரி சரியில்லைன்னா அந்த 8.8.8.8ஐயே தலையாரியா வச்சுக்கலாம். இல்லைன்னா 1.1.1.1ன்னு இன்னொருத்தன் இருக்கான். 2018-ல ஏப்ரல் ஒன்னாந்தேதி சோலிக்கு வந்தவன். தேதியைப் பார்த்துச் சந்தேகப்படாதே, நல்லா வேலை செய்யுறவன்தான்.

என்ன, முதல் கூவலுக்கே பதில் இல்லையா? பக்கத்து ரூம்ல இருக்கிற பெட்டியே பேச மாட்டேங்குதா? கோபப்படாதே. அதே கறுப்புச் சன்னல்ல ஐபிகான்ஃபிக்னு அடி. உன் லேப்டாப்போட நம்பர் என்னன்னு காட்டும். எனக்குக் கண்ணு தெரியலை, நீயே படி.

169.254ஆ? அதுக்கு அப்புறம் ஏதேதோவா? ம்.

வெத்தலையில கொஞ்சம் சுண்ணாம்பு தடவு. அதிகம் தடவாதே, வாய் வெந்துரும்.

பேராண்டி, இந்தப் பெட்டி சும்மா தண்ணி மட்டும் விடுறதில்லை. உள்ள வர்ற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் எழுதிக் கொடுக்கும். அதுதான் பட்டா. 192.168.1ன்னு ஆரம்பிச்சு, கடைசி இலக்கம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பட்டான்னு சொன்னேன், உண்மையில அது குத்தகை. இங்கிலீசுலயே அப்படித்தான் எழுதியிருக்கானாம். ஒரு நாளைக்கோ எத்தனை மணிக்கோ குத்தகை. வந்து வாசல்ல ரெண்டு நிமிசம் நின்னுட்டுப் போன போனுக்குக்கூட அந்தக் கெடு வரைக்கும் நம்பர் ஒதுங்கி நிக்கும். குத்தகை கேட்டுப் போய், பெட்டி ஒன்னும் கொடுக்கலைன்னு வையி, விண்டோஸ் லேப்டாப்பு என்ன பண்ணும்? வெறுங்கையோட நிக்க வெட்கப்பட்டுக்கிட்டு, தானே ஒரு நம்பரை எழுதி நெத்தியில ஒட்டிக்கும். அந்தப் போலிப் பட்டாவுக்கு ஊர் பூராம் ஒரே தொடக்கம்தான்: 169.254. புறம்போக்குல குடிசை போட்டுக்கிட்டு, 'நானும் ஆயக்கட்டுக்காரன்தான்' னு நிக்கிறது. எவன் அதுக்குத் தண்ணி விடுவான்?

ஆக, ஈரமும் காய்ச்சலும் சந்திக்கிற இடம் தெரிஞ்சு போச்சு. கம்மாய்ல குறை இல்லை, ஒயர்ல குறை இல்லை, அலையில குறை இல்லை, பாஸ்வேர்டுல குறை இல்லை. பெட்டி உனக்குக் குத்தகை கொடுக்கலை. ஏன் கொடுக்கலை?

இதைச் சொன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது. உரலை மட்டும் நிறுத்தாம இடி.

பெட்டியை மாட்ட வந்த பையன், "வீட்ல எத்தனை பேர் தாத்தா?" ன்னான். நானும் அப்பத்தாவும்னேன். அவன் தாராள மனசுக்காரன், பத்துப் பேருக்கு இருக்கட்டும்னு 192.168.1.2ல ஆரம்பிச்சு 1.11 வரைக்கும் எல்லைக்கல் நட்டுட்டுப் போயிட்டான். அன்னைக்கு எனக்கு அது பண்ணையார் நிலம் மாதிரித் தெரிஞ்சுச்சு. அப்புறம் தெருவுல ஒரு பிள்ளை வந்து, "தாத்தா, காலேஜ் அப்ளிகேஷன் போடணும், நெட்டு இல்லை" ன்னுச்சு. வெத்தலை இடிச்சுக் கொடு, சொல்றேன்னேன். இடிச்சுக் கொடுத்துச்சு, பாஸ்வேர்டைச் சொன்னேன். மறுநாள் இன்னொரு பய வந்தான். வெத்தலையும் இடிச்சான், பேப்பரும் படிச்சுக் காட்டினான். இப்படியே ஆறு பிள்ளைகள். ஒரு பாஸ்வேர்டுக்கு ஒரு உரல் வெத்தலை. இந்த ஊர்ல இதை விடச் சல்லிசா யாரு கொடுப்பா?

கணக்குப் போடு. பிள்ளைகள் ஆறு. என் போன் ஒன்னு, டிவி ஒன்னு, எட்டாச்சு. நேத்து ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி, உங்க அப்பத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னால போனை வைஃபையில போட்டது யாரு? ஒன்பது. பொழுதுபோகலைன்னு டேப்லெட்டை எடுத்துப் படம் பார்த்தது யாரு? பத்து. பதினொன்னாவது ஆளா உன் லேப்டாப்பு காலைல வந்து நிக்குது. பத்து ஏக்கர் ஆயக்கட்டுல ரெண்டு ஏக்கரை நீயே வளைச்சுப் போட்டுட்டு, தண்ணி வரலைன்னு நீயே கூரையில ஏறிக் கூப்பாடு போடுறே.

பதினோரு தடவை அணைச்சுப் போட்டேனேங்கிறியா? ஒவ்வொரு தடவை அணைச்சப்பவும் பழைய குத்தகைச் சீட்டு அழிஞ்சிருக்கும், சரிதான். ஆனா பெட்டி கண்ணை முழிச்ச நிமிசமே பத்துப் பேரும் கையை நீட்டிட்டாங்க. பிள்ளைகள் பூராம் எதிர்த் திண்ணையில போனைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்குதுக. உன் லேப்டாப்பு அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு? மூடி வச்சு, சார்ஜுல தூங்கிக்கிட்டிருந்துச்சு. முறைத்தண்ணி அன்னைக்குத் தூங்குறவன் செய்யி காயத்தான் செய்யும்.

முன்னமே தெரியுமான்னா, சந்தேகம் இருந்துச்சு. நாலு நாளைக்கு முன்னால எதிர் வீட்டுப் பிள்ளை வந்து, "தாத்தா, சுத்துது சுத்துது, உள்ள விட மாட்டேங்குது" ன்னுச்சு. அன்னைக்கு வெளியூர்லேருந்து உங்க அத்தை பிள்ளைகள் வந்திருந்துச்சுக. அவங்க போன மறுநாள் தானாச் சரியாப் போச்சு. அப்பவே பொறி தட்டுச்சு. ஆனா சந்தேகத்தை வச்சுக்கிட்டு மம்பட்டியை ஓங்கக் கூடாது. உன் ஆபீஸ்காரன் போட்டு வச்ச விபிஎன்னா இருந்திருக்கலாம். லேப்டாப்புக்குள்ள இருக்கிற காசு மாதிரிப் பேட்டரி செத்து, தேதி அஞ்சு வருசம் பின்னால போயிருந்தா பக்கம் ஒன்னும் திறந்திருக்காது. நடந்து பார்த்தாச்சு, இப்பச் சந்தேகம் இல்லை.

சரி, வெட்ட வேண்டியது ஒரே வெட்டு. லேப்டாப்பை வையி. உன் புறம்போக்குக் குடிசையிலேருந்து பெட்டி வாசலுக்கு வழி கிடையாது. குத்தகைக்காரன் ஒருத்தன் வழியாத்தான் போகணும், போனை எடு. பிரவுசர்ல 192.168.1.1னு போடு. யூசர் பேரும் உள்வாசல் பாஸ்வேர்டும் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கு. உள்ள லேன்னு போட்டு, டிஹெச்சிபின்னு ஒன்னு இருக்கும். ஆரம்பம் 2, முடிவு 11னு நிக்குதா? அந்தப் பதினொன்னை நூறாக்கு. வேறெதையும் தொடாதே, ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். ரெண்டை மாத்தினா எது குணமாச்சுன்னே தெரியாது. சேவ் கொடு.

உன் மனசுல ஓடுறது தெரியுது. நூறெல்லாம் எதுக்கு, பாஸ்வேர்டை மாத்தி அந்த ஆறு பிள்ளைகளையும் வெட்டி விட்டா வேலை முடிஞ்சுதேன்னு நினைக்கிறே. பண்ணலாம், உங்க அப்பன் காசு கட்டுற நெட்டுதானே. கள்ளந்திரிக்கு மேல இருக்கிறவன் எல்லாம் அப்படி நினைச்சிருந்தா, உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்ச நெல்லு இந்த ஊர்ல விளைஞ்சிருக்காது. நாம கடைமடைக்காரங்கப்பா. மேல மடைக்காரன் வாய்க்காலை வழிச்சு விட்டாத்தான் நமக்குத் தண்ணி. ஒரே ஒரு காலைப்பொழுது உன் லேப்டாப்பு கடைமடையில கிடந்துச்சு; அதுக்கே கூரை, கிணத்து மேடு, கொண்டை ஊசின்னு போயிட்டே. உங்க கொள்ளுத்தாத்தன் ஆயுசு பூராம் அங்க நின்னாரு.

மனசு கேட்கலைன்னா கெஸ்ட்டுன்னு அதே பெட்டியில தனி வாய்க்கா ஒன்னு திறக்கலாம். பிள்ளைகளை அதுல விடு. உன் ஆபீஸ் மீட்டிங் இதுல ஓடட்டும். அந்த உள்வாசல் பாஸ்வேர்டை மட்டும் மாத்தி எழுதி வச்சுக்கோ. அதை நான் எத்தனை உரல் வெத்தலைக்கும் வித்ததில்லை.

இப்ப லேப்டாப்புல வைஃபையை ஒரு தடவை அணைச்சுப் போடு. ஒரே தடவை. என்ன காட்டுது? 192.168.1.12ஆ? பார்த்தியா, பட்டா வந்துருச்சு. அந்த மூவாயிரத்துப் பெட்டி ஆர்டரைக் கேன்சல் பண்ணு, அதுல பாதியைக் கிடேரிக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடு. பயந்துபோய்க் கிடக்கு.

எங்க ஓடுறே? மீட்டிங் பத்து நிமிசத்துல இருக்கட்டும். உரலைப் பாரு, பாக்கு இன்னும் நறநறங்குது. தெருப் பிள்ளைக்கு ஒரு விலை, பேரனுக்கு ஒரு விலைன்னு நான் வியாபாரம் பண்ண முடியாது. இடி.